ஏகாதசியன்று ஒரு டம்ளர் தண்ணீர்

எழுபத்தொன்றாம் வருடம், ஆடி மாதம். சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயில் மதிலுக்குப் பின்னால் போகும் தெருவில்தான் அப்போதும் எங்கள் வீடு. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

என் வேலையைச் சொன்னால்தான் என் குணம் புரியும். ஒரு நெசவாளர் சங்கத்தில், நெய்து வரும் பட்டுப் புடவையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை ஓடியிருக்கிறது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். வாழ்நாளெல்லாம் இழை எண்ணியவனுக்கு மற்றதை எண்ணாமல் இருக்க முடிவதில்லை. வெற்றிலைக் கட்டைப் பிரித்தால் எண்ணுவேன். கோயிலில் பெருமாளைச் சேவிக்க மேலே ஏறும் இருபத்து நான்கு படிகளையும், ஏதோ ஒன்று குறைந்துவிட்டதுபோல, ஒவ்வொரு முறையும் எண்ணித்தான் ஏறுவேன். என் மனைவி தோசை வார்த்துக்கொண்டே உள்ளேயிருந்து கேட்பாள்: "எண்ணிட்டீங்களா? இன்னும் ஒண்ணு போடட்டா?"

அந்த ஆடியில், ஒரு துவாதசிக்கு மறுநாள் விடியற்காலையில், வலது கால் கட்டைவிரலில் யாரோ பழுக்கக் காய்ச்சிய இடுக்கியை வைத்து நெரிப்பதுபோல் இருந்து விழித்துக்கொண்டேன். விரலின் அடிமூட்டு வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. மேலே கிடந்த போர்வை பட்டால் உயிர் போனது. எதிர் வீட்டில் தறியில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் அடிக்கும் ஒவ்வோர் அடியும் தரை வழியாக வந்து என் விரலில் விழுந்தது.

"இன்னாங்க இது? தேளு கீளு கொட்டிச்சா?" என்று விளக்கை எடுத்துக்கொண்டு வந்தாள் மனைவி.

தேள் இல்லை. அவள் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டாள். ஒரு வாரத்தில் தானாகவே வடிந்தது. ஆனால் அந்த ஒரு வாரமும் நான் பட்டது வலி மட்டும் இல்லை. வீங்கிய விரலின் ஓரத்தில் லேசாக ஒரு நாவல்பழ நிறம் ஓடியிருந்தது. அந்த நிறத்தை நான் முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறேன். என் அண்ணனின் காலில். அவருக்குச் சர்க்கரை வியாதி. கட்டைவிரல் கறுத்தது, மெட்ராஸுக்குக் கொண்டுபோனோம், விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்கால் வரைக்கும். அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. மனைவி அருகில் வரும்போதெல்லாம் வேட்டியை இழுத்து விரலை மூடிக்கொண்டேன்.

புரட்டாசியில் மறுபடியும் வந்தது. அதே விரல், அதே விடியற்காலை. இந்த முறை அவள் என்னைக் கேட்கவில்லை. ரிக்‌ஷாவைக் கூப்பிட்டு, பெரிய காஞ்சிபுரத்தில் இருந்த ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முஸ்லிம். ஆற்காட்டுப் பக்கம். குரல் கொஞ்சம் பெரியது.

விரலைத் தொடாமலேயே குனிந்து பார்த்தார். பிறகு நெற்றியில் திருமண்ணோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "பெரியவரே, தண்ணி போடற பழக்கம் உண்டா?" என்றார்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஈரல், ஆட்டுக்கறி?"

"நாங்க பெருமாள் வூட்டு ஜனங்க ஐயா" என்றாள் அவள். "வெங்காயத்துக்கே நாள் பாத்துத்தான் துண்ணுவாரு."

ரத்தம் எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. சர்க்கரை என்று வந்துவிட்டால் அண்ணன் போன வழிதான் என்று முடிவு கட்டி, கோயிலுக்குப் போகும்போதெல்லாம் எதிரில் யாராவது கட்டை ஊன்றி நடக்கிறார்களா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சர்க்கரை இல்லை. "இதுக்கு கவுட்னு பேரு" என்றார் டாக்டர். "ரத்தத்துல ஒரு உப்பு ஜாஸ்தி ஆவுது. அது மூட்டுல போய் ஊசி ஊசியா நிக்குது. அந்தக் காலத்துல ராஜாக்களுக்கு வர்ற வியாதி."

வலி வந்தால் போட ஒரு மாத்திரை கொடுத்தார். வயிறு போக ஆரம்பித்தால் உடனே நிறுத்த வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். பருப்பு, மொச்சை, பட்டாணியைக் குறைக்க வேண்டும். தினமும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். என் மனதில் இருந்த ஒரே கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்டால் 'ஆமாம், வெட்டத்தான் வேண்டும்' என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

வெளியே வந்ததும் என் மனைவி ரிக்‌ஷாக்காரரிடம், "பாத்து ஓட்டுப்பா, ராஜா வர்றாரு" என்றாள். ரேஷன் அரிசி சாப்பிடும் ராஜா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து எண்ணுவதற்கு எனக்குப் புதிதாக ஒன்று கிடைத்தது. பித்தளை டம்ளரில் தினமும் பன்னிரண்டு முறை தண்ணீர். சாம்பாரில் பருப்பு தெரியக்கூடாது. அவள் கரண்டியால் மேலாகத் தெளிவை மட்டும் எடுத்து ஊற்றுவாள். நான் எட்டிப் பார்ப்பேன். காலையில் கண் விழித்ததும் கட்டைவிரலை மெல்ல அசைத்துப் பார்ப்பேன். ஒரு நாளும் டம்ளர் கணக்கு தவறவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியும் ஐப்பசியில் வந்தது. தீபாவளி முடிந்து வந்த ஏகாதசி கழித்து.

பயந்தவன் காரணம் தேடாமல் இருக்க மாட்டான். படுத்த படுக்கையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் வலி வந்தது துவாதசிக்கு மறுநாள். துவாதசியன்று நாங்கள் ஏகாதசி விரதம் முடித்துப் பாரணை என்று சாப்பிடும்போது இலையில் அகத்திக்கீரை கட்டாயம் உண்டு. அகத்திக்கீரை மருந்தை முறிக்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நாட்டு வைத்தியர் மருந்து கொடுத்தால் முதலில் விலக்கச் சொல்வது அதைத்தான். கிடைத்துவிட்டது. டாக்டர் கொடுத்த மருந்தைக் கீரை முறித்துவிடுகிறது! முதல் இரண்டு தடவை வலி வந்தபோதும் நான் எந்த மருந்தும் சாப்பிடவே இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"அகத்தி இல்லாம பாரணையா?" என்றாள் மனைவி. "எங்க மாமியாரு இருந்திருந்தா உங்களை வூட்டுக்குள்ள சேக்க மாட்டாங்க."

"கால் போனா உன் மாமியாரா வந்து நடப்பாங்க?"

"மாகறல் கோயில்ல எலும்பு நோவுக்கு வேண்டிக்கினா தீருதாம். ஒரு நடை போய்ட்டு வரலாங்க."

"ஈஸ்வரன் கோயிலுக்கா? நானா?"

"காலு உங்களுதுதானே. அதுக்கு ஈஸ்வரன், பெருமாள்லாம் தெரியுமா?"

நான் போகவில்லை. கீரையை மட்டும் நிறுத்தினேன். கார்த்திகையில் அகத்தி இல்லாமல் பாரணை செய்தேன். மறுநாள் வந்த வலியைப் போல் அதுவரை வந்ததே இல்லை. விரலோடு நிற்கவில்லை, முழங்கால் பானைபோல் வீங்கியது. காய்ச்சல் அடித்தது. உடம்பு உதறியது. கீரையை விட்டதற்குப் பெருமாள் கொடுத்த தண்டனை என்று இப்போது வேறு பயம் பிடித்துக்கொண்டது. காலை அசைக்க முடியாமல் கிடந்தவனுக்கு, முழங்காலுக்குக் கீழே கால் இல்லாமல் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்த காட்சியே கண்ணை விட்டுப் போகவில்லை.

டாக்டர் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே வந்தார். ஊசி போட்டுவிட்டு, "ரெண்டு மூணு நாளா இன்னா சாப்பிட்டாரு? ஒண்ணு விடாம சொல்லும்மா" என்றார்.

"நேத்து சோறு, மோரு, நெல்லிக்காப் பச்சடி" என்றாள் மனைவி. "முந்தாநேத்து ஏகாதசி. அன்னிக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா? பால், பழம்?"

"ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லதாங்க. பச்சத்தண்ணி பல்லுல படாது. எனக்கும் அப்படித்தான்."

டாக்டர் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். என் பக்கம் திரும்பினார். "தினமும் எண்ணி எண்ணித் தண்ணி குடிக்கறேன்னு சொன்னீங்களே பெரியவரே?"

"குடிக்கறேங்க."

"ஏகாதசிக்கு?"

பொய் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். ஏகாதசி என் கணக்கில் ஒரு நாளாகவே இருந்ததில்லை. அது பெருமாளுடைய நாள். அதை எண்ண வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பட்டினி கிடந்தால் அந்த உப்பு ரத்தத்தில் ஏறும், அதைக் கரைத்து வெளியே தள்ளத் தண்ணீர் வேண்டும், தண்ணீரும் இல்லையென்றால் அது போவதற்கு வழியே இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். இளவயதில் உடம்பு தாங்கிக்கொண்டது, இப்போது தாங்காது. கீரைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"எங்க அண்ணனுக்குச் சர்க்கரையில எடுத்த மாதிரி காலை எடுக்கணுமா?" என்று கடைசியில் கேட்டேவிட்டேன்.

"இதுக்கெல்லாம் யாரு காலை வெட்டப் போறாங்க? உங்க அண்ணனுக்கு வந்தது வேற" என்றார். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை. "கால் போவாது. ஆனா இப்படியே காய்ஞ்சுக்கினு இருந்தா கிட்னி போவும். அது போனா ஆளே போயிடுவீங்க. சோறு வாணாம்னா விடுங்க. தண்ணியை விடாதீங்க."

பிறகு அவரே கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னார்: "நானும் வருஷத்துல ஒரு மாசம் பகல்ல எச்சில்கூட முழுங்காம நோன்பு இருக்கறவன்தான். எங்கம்மாவுக்குச் சர்க்கரை. நோன்பு வாணாம்மான்னு நான்தான் சொன்னேன். அந்த மாசம் பூரா எங்கிட்ட பேசவே இல்ல. இருக்கட்டும், உசுரோட இருந்துக்கினு பேசாம இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

அவர் போன பிறகுதான் உண்மையான பயம் ஆரம்பித்தது. அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது.

எங்களுக்கு ஒரே பெண். அவளுக்கு ஐந்து வயதில் டைபாய்டு வந்து, கண் செருகிக் கிடந்தாள். இனி சாமிதான் காப்பாற்ற வேண்டும் என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார். அன்று நானும் என் மனைவியும் பெருமாள் முன்னால் நின்று, குழந்தை பிழைத்தால் உயிர் உள்ளவரைக்கும் ஏகாதசியன்று பச்சைத் தண்ணீரும் தொடுவதில்லை என்று வேண்டிக்கொண்டோம். பிழைத்தாள். வளர்ந்தாள். ஐயம்பேட்டையில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்து, அவளுக்கே இரண்டு குழந்தைகள். நான் தண்ணீரைத் தொட்டால் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? காலுக்காகப் பயந்த பயம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. என் உடம்பு வேண்டுமானால் போகட்டும், தண்ணீர் குடிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மனைவியிடமும் சொல்லிவிட்டேன்.

மார்கழி வந்தது. வைகுண்ட ஏகாதசி. வீக்கம் வடிந்திருந்ததால் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். கூட்டத்தில் யாராவது காலை மிதித்துவிடுவார்களோ என்று பெருமாளைப் பார்த்ததைவிடக் கீழே பார்த்ததுதான் அதிகம். திரும்பி வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபோது உச்சி வெயில். நாக்கு ஒட்டிக்கொண்டது. கட்டைவிரலில் லேசாக ஒரு குத்தல் இருப்பதுபோல் இருந்தது. நிஜமா, பயமா, தெரியவில்லை.

மனைவி இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"குடிங்க."

"வாணாம்."

"டாக்டரு அவ்ளோ தூரம் சொல்லிட்டுப் போனாரு."

"டாக்டரா வேண்டிக்கினாரு? நான் வேண்டிக்கினேன்."

"நீங்க மட்டுமா? பக்கத்துல நின்னுக்கினு இருந்தது யாரு, தூணா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "அவளுக்கு ஏதாச்சும் ஆனா?" என்றேன்.

"அவ எனக்கும் பொண்ணுதான். நான்தான் பெத்தேன்." அவள் ஒரு டம்ளரைக் கையில் எடுத்தாள். "பெருமாளே, கோவம் வந்தா மொதல்ல என் மேல வா. அவளை வுட்டுடு" என்று சொல்லிவிட்டு, அண்ணாந்து குடித்தாள்.

இருபத்தைந்து வருடமாக அந்த நாளில் அவள் தொண்டையில் தண்ணீர் இறங்கி நான் பார்த்ததில்லை. கொஞ்சம் கழுத்தில் வழிந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. மற்ற டம்ளரை எடுத்தேன். தண்ணீர் குளிர்ந்திருந்தது. அது உள்ளே இறங்கும்போது, தாகம் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். கிணற்றில் விழுகிறவனுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அன்று மாலைக்குள் இன்னும் பல டம்ளர் ஆனது. ஒவ்வொரு முறையும் அவள் முதலில் குடித்தாள்.

மறுநாள் துவாதசி. இலையில் அகத்திக்கீரை வைத்தாள்; சாப்பிட்டேன். தெருவில் சைக்கிள் மணி அடித்தாலும் ஐயம்பேட்டையிலிருந்து ஆள் வருகிறதோ என்று எட்டிப் பார்த்தேன். அவளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு மறுநாள் விடியற்காலை. வலி வருகிற வேளை. போர்வைக்குள் கட்டைவிரலை மெல்ல மடக்கினேன். மடங்கியது. நிமிர்த்தினேன். ஒன்றுமில்லை. நம்பாமல் இன்னொரு முறை மடக்கிக்கொண்டிருக்கும்போது வாசல் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள்.

"மாமா! அத்தை! கதவைத் தொறங்க!"

மாப்பிள்ளையின் குரல். சொல்லாமல் கொள்ளாமல் இந்த நேரத்தில் அவர் வந்ததே இல்லை. அடுப்படியில் பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது. அவள் அப்படியே நின்றுவிட்டிருப்பாள். நான் எப்படி எழுந்தேன், எப்படிக் கூடத்தைத் தாண்டினேன் என்று தெரியாது. தாழ்ப்பாளை நீக்கினேன்.

பனியில் நனைந்த முண்டாசோடு, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவ?" என்றேன்.

"அவளுக்கு இன்னா மாமா? குத்துக்கல்லாட்டம் கீறா. சந்தைக்குப் போறவரு, மொதல்ல எங்கப்பா வூட்ல இதைக் குடுத்துட்டுப் போங்கன்னு விடியறதுக்குள்ள தொரத்தி வுட்டா." சைக்கிளின் பின்னாலிருந்து ஒரு துணி மூட்டையை அவிழ்த்தார். பச்சை மொச்சை. "மார்கழி மொச்சைன்னா அப்பா உசுரை வுடுவாருன்னா." பிறகு என் காலைப் பார்த்தார். "ஆமா, நடக்கவே முடியலன்னு சொன்னாங்க. நீங்க இன்னா மாமா ஓடியாறீங்க?"

நானும் அப்போதுதான் குனிந்து பார்த்தேன். இரண்டு பாதங்களும் வாசல் கல்லில் முழுதாக ஊன்றியிருந்தன.

பின்னால் வந்து நின்ற மனைவி மூட்டையை வாங்கிக்கொண்டாள். "மொச்சை அவருக்கு ஆவாது மாப்ள. ராஜா வியாதி" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவள், சிரிப்பு பாதியிலேயே அழுகையாகி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. மொச்சை ஆகாது என்பதற்கா ஒருத்தி இவ்வளவு அழுவாள் என்று நினைத்திருப்பார்.

இந்த ஆறேழு வருடத்தில் வலி அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஒன்றிரண்டு முறை வந்தது. கல்யாண வீட்டுப் பருப்பும், பயணத்தில் தண்ணீர் குடிக்க மறந்ததும் காரணம். டாக்டர் பிறகு தினமும் சாப்பிட ஒரு மாத்திரை கொடுத்தார், அதை விடுவதில்லை. பயமும் விடவில்லை. ஒவ்வொரு ஏகாதசியிலும் டம்ளரைத் தொடும்போது ஐயம்பேட்டை நினைவு வந்து கை தயங்கும். அவள் தன் டம்ளரை எடுத்து முதலில் குடித்துவிட்டு என்னைப் பார்ப்பாள். என் பயத்தை எந்த மருந்தும் தீர்க்கவில்லை. எனக்கு முன்னால் அதைத் தன் தொண்டையில் இறக்கிக்கொள்ள ஒருத்தி இருக்கிறாள் என்பதால்தான், அந்தத் தண்ணீர் இன்றைக்கும் எனக்கு உள்ளே இறங்குகிறது.